எடை சொல்பவர்

சாரல் இந்த வருஷம் பத்து நாள் முந்திவிட்டது.
ஆரியங்காவுப் பக்கம் மலையே தெரியவில்லை.
இப்படி மூடிக்கொண்டால்
"உங்க ஊரைக் காணோமே பங்கஜம்" என்பீர்கள்,
ஏதோ நான்தான் கை தவறித் தொலைத்த மாதிரி.

புளியரை எடைமேடையில் முப்பத்தொரு வருஷம்.
வைக்கோல், சிமெண்ட், கூண்டுக் கோழி,
மலையாளத்துக்குப் போகும் தக்காளி
எல்லாம் உங்கள் முன்னால் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான்
வளைவு ஏறின.
முள் அசையுமுன் சொல்வீர்கள்:
பதினொன்று இருநூறு.
கோமதிநாயகம் சொன்னால் மெஷின் தலையாட்டும்
என்று டீக்கடையில் பேச்சு.
பந்தயம் கட்டித் தோற்ற டிரைவர்கள் வாங்கித் தந்த பழம்பொரி
எண்ணெய்க் காகிதத்தோடு வீட்டுக்கு வரும்.

வீட்டிலும் அதே புத்திதான்.
பலாப்பழத்தை இடுப்பில் ஏந்தி எட்டே முக்கால்.
மூத்தவள் பிறந்தபோது
நர்ஸம்மா வாய் திறக்குமுன் இரண்டு தொள்ளாயிரம்.
எனக்கு டைபாய்டு கண்டு
தென்காசி ஆஸ்பத்திரிப் படியில் தூக்கிப் போகையில்
"முப்பத்தெட்டு. போன மாசம் நாற்பத்தாறு.
மீதி எட்டை எங்கே வச்சே?"
சிரித்தேன்.
உங்கள் சட்டைத் தோள் நனைந்திருந்தது.
யாருடைய ஈரம் என்று நான் கேட்கவில்லை.

சண்டையே போடாத ஜோடி என்கிறார்கள் இப்போது.
போட்டோம்.
தேங்காயெண்ணெய் தலைக்கா தாளிக்கவா என்று
நாற்பத்துமூன்று வருஷம் போட்டோம்.
நீங்கள் போன பதினேழாம் நாள்
முதன்முதலாக நல்லெண்ணெயில் தாளித்தேன்.
தோற்ற மாதிரி இல்லை.
ருசியாகவும் இல்லை.

சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி
எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு லாட்டரிச் சீட்டு.
மறுநாள் பேப்பரை என் மடியில் போட்டு,
"படி. இந்த ஜிலேபி எழுத்து எனக்கு ஓடாது."
எண்ணுக்கு மலையாளம் எதற்கு?
ஒன்று அங்கேயும் ஒன்று. ஏழு அங்கேயும் ஏழு.
உங்களுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.
ஆனாலும் நான் படிக்க, நீங்கள் கண்ணை மூடிக் கேட்க,
காபி ஆறும்.

ஒரு தடவை
நூறு ரூபாய் விழுந்திருக்கு என்று பொய் சொல்லி,
மாற்றி வைத்தேன் என்று
கடுகு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு
செங்கோட்டை போய்
என் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கூடு வாங்கி வந்தீர்கள்.
மீதி பன்னிரண்டு ரூபாயை
நேராகப் போய்
கடுகு டப்பாவில் போட்டீர்கள்.

அஸ்திக் கலயத்தைத் தம்பி மகன் கொண்டுவந்தான்.
பாபநாசம் போகுமுன் ஒரு நிமிஷம் கொடு என்று வாங்கினேன்.
துணி கட்டிய வாயில் இன்னும் வெதுவெதுப்பு.
"ரெண்டே கால்" என்றேன், என்னை அறியாமல்.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று
யாரோ தண்ணீர் எடுக்க ஓடினார்கள்.
நான் நீங்கள் திருத்துவதற்காக நின்றேன்:
அவசரக்காரி,
கலயத்தைக் கழிச்சியா?

நேற்று சலவைக்குப் போட எடுத்த சட்டையில்
கடைசிச் சீட்டு.
நாலாக மடித்து, ஓரம் வியர்வையில் பழுத்து.
பழைய பேப்பர்க் கட்டைப் பிரித்து
அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடி எடுத்தேன்.
கூட்டைத் திறந்தேன். கண்ணாடியைப் போட்டேன்.
காபி போட்டு எதிரே வைக்கவில்லை,
அவ்வளவுக்கு நான் சினிமா பார்ப்பவள் இல்லை.
உரக்கப் படித்தேன், அவ்வளவுதான்.
முதல் பரிசு கொல்லத்தில் யாருக்கோ.
அடுத்த வரியில்
சமாஸ்வாச சம்மானம்.
நீங்கள் ஒவ்வொரு வாரமும்
அப்படின்னா என்ன என்று கேட்பீர்கள்,
நானும் ஒவ்வொரு வாரமும்
ஆறுதல் பரிசு என்பேன்.

அதிலும் நம் எண் இல்லை.